4294967297: ஃபெர்மா நம்பிய எண்

எனக்கு மிகவும் பிடித்த எண் 4294967297. நம் வழக்கப்படி படித்தால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்து இலக்கம் என்பதால் யாருடைய கைபேசி எண்ணோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஃபெர்மா, ஆய்லர், காஸ் என்று எண்ணியலின் பெரிய ஆட்கள் எல்லாரும் வழியில் வந்துவிடுவார்கள். அவர்கள் இந்த எண்ணைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதியை நாமே பேனாவும் காகிதமும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண் கிடைத்துவிட்டது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதையெல்லாம் கணினி சொன்னதாக நம்பத்தான் வேண்டியிருக்கிறது. இந்த எண்ணில் யார் சொன்னதையும் நம்ப வேண்டியதில்லை. அதனால்தான் இதன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 3-இல் தொடங்குங்கள். அதில் 1 கழித்து, வர்க்கம் எடுத்து, 1 கூட்டுங்கள்: 5. அதற்கும் அதையே செய்தால் 17. அப்புறம் 257. அப்புறம் 65537. இந்த ஐந்தும் பகா எண்கள், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. 65537-இலிருந்து 1 கழித்து வர்க்கம் எடுத்து 1 கூட்டினால் நம் எண் வந்துவிடும். 2-இன் அடுக்காகச் சொன்னால் 2³² + 1.

பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியர் தி ஃபெர்மாவுக்குக் கணிதம் ஓய்வு நேரத்து வேலை. 1640-இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று தனக்கு உறுதியாகத் தோன்றுவதாக அவர் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. 1654-இல் பாஸ்கலுக்கு எழுதிய கடிதத்திலும் இதே விஷயம் வருகிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த நம்பிக்கையை அவர் விடவே இல்லை.

1729 டிசம்பர் 1 அன்று கிறிஸ்டியன் கோல்ட்பாக் என்ற கணிதர் மாஸ்கோவிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லெயோன்ஹார்ட் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆய்லருக்கு அப்போது வயது 22. கடிதத்தின் பின்குறிப்பில் கோல்ட்பாக் ஒரு கேள்வி சேர்த்திருந்தார்: ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா? ஆய்லர் முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கோல்ட்பாக் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 பகா எண் இல்லை, 641-ஆல் வகுபடுகிறது.

641 × 6700417 = 4294967297.

கணித வரலாற்றில் இந்த ஒரு வரி ஒரு பெரிய திருப்பம். எண்ணியல் பக்கம் ஆய்லரை இழுத்துக்கொண்டு வந்தது கோல்ட்பாக்கோடு நடந்த இந்தக் கடிதப் பேச்சுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 641 எப்படிக் கிடைத்தது என்பது.

வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது பள்ளியில் படித்ததுதான். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-க்கு ஒரு மயிரிழை அதிகம். அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. 2, 3, 5, 7 என்று வரிசையாகப் போனால் 641 என்பது 116-ஆவது பகா எண். பொறுமைசாலி ஒருவர் சில நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. ஆனால் இதைவிடக் குறுக்கு வழி ஒன்று உண்டு.

ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி -1 (அதாவது அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவு). அதை வர்க்கம் எடுத்தால் 2⁶⁴, மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதி மீதிகளைப் பார்த்துக்கொண்டே போனால், சரியாக 64 படிக்கு ஒருமுறை அதே மீதிகள் திரும்ப வரும். இதோடு ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒற்றைப்படையான எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினால் மீதி 1. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால், அந்தப் பகா எண்ணில் 1 கழித்தால் வருவது 64-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

ஆக, 64-இன் மடங்குகளோடு 1 கூட்டிக்கொண்டே போய் பகா எண்களை மட்டும் எடுத்தால்: 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து வகுத்தல்கள், ஐந்தாவதில் விழுந்துவிடுகிறது. இந்த 64 விதியின் நிரூபணத்தை ஆய்லர் 1732 கட்டுரையில் தரவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் எழுதினார். 1878-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இதை இன்னும் இறுக்கி, மடங்கு 64 போதாது, 128 வேண்டும் என்று காட்டினார். அப்படியானால் 257, 641 இரண்டுதான் மிச்சம். 257 நம் வரிசையிலேயே உள்ள எண், அது வகுக்காது என்று முன்கூட்டியே தெரியும் (காரணம் பின்னால் வரும்). முதல் வகுத்தலிலேயே 641.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. சிறிய தேற்றம் ஃபெர்மாவுடையது. அதே 1640-இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இந்த மாதிரித் தேடலையும் அவர் அதே ஆண்டில் செய்திருக்கிறார். 2³⁷ − 1 பகா எண்ணா என்ற கேள்விக்கு, அதன் காரணிகள் 74-இன் மடங்கோடு 1 கூட்டினால் வருபவையாகத்தான் இருக்க முடியும் என்று கண்டு, 223 அதை வகுக்கிறது என்று பிரெஞ்சுக் கணிதர் மெர்சென்னுக்கு எழுதினார். 75 பகா எண் இல்லை, 149 வகுக்கவில்லை, 223 வகுத்துவிட்டது. அதே கருவி, அதே ஆண்டு. 2³² + 1 பக்கம் அதைத் திருப்பியிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். திருப்பியிருப்பார், ஏதோ ஒரு வகுத்தலில் கைப்பிழை நேர்ந்திருக்கும், அப்புறம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். அழகான ஒரு வரிசையில் முதல் ஐந்தும் சரியாக வந்துவிட்டால் ஆறாவதும் வந்தாக வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. சிறிய தேற்றத்தையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். ஒரு எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி மீதி பார்ப்பது. 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை. நம் எண்ணுக்கு இதைச் செய்தால் 1 வந்துவிடுகிறது! 2⁶⁴-இலேயே மீதி 1 ஆகிவிடுவதால், அதன்பின் எத்தனை முறை வர்க்கம் எடுத்தாலும் 1-தான். பகு எண்ணாக இருந்துகொண்டே பகா எண் மாதிரி இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் செய்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 3-ஐ வர்க்கம் எடுங்கள், 4294967297-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதை மறுபடி வர்க்கம் எடுங்கள். இப்படி 32 முறை. பகா எண்ணாக இருந்தால் கடைசியில் 1 வர வேண்டும். வருவதோ 3029026160. எந்தக் காரணியும் தெரியாமலேயே இது பகு எண் என்பது உறுதியாகிவிடுகிறது. 1877-இல் பெப்பான் என்ற பிரெஞ்சுக் கணிதர் இந்த வழியைக் கூர்மையாக்கி, ஃபெர்மாவின் வரிசை முழுவதற்கும் பொருந்தும் சோதனையாகவே வகுத்துக் கொடுத்தார்.

சரி, 641 வகுக்கிறது என்பதை எப்படிச் சரிபார்ப்பது? நேராகப் பெருக்கிப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது மீதி வழி. 2⁸ என்பது 256. அதன் வர்க்கம் 65536. அதில் 641 × 102 = 65382-ஐக் கழித்தால் மீதி 154. இப்போது 154-ஐ வர்க்கம் எடுங்கள்: 23716. 641 × 37 எவ்வளவு? 23717. ஒன்றே ஒன்று குறைகிறது! அதாவது 2³²-இன் மீதி -1, எனவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. பத்து இலக்க எண்ணை எங்கும் தொடவே இல்லை. தாளில் மூன்று வரி. இதை எழுதும்போது அந்த 23716-உம் 23717-உம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிற கணம் எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை.

கணக்கே போடாமல் காட்டவும் வழி இருக்கிறது. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதலாவதிலிருந்து, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி -1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5⁴-க்குப் பதில் -2⁴ போட்டுக்கொள்ளலாம். போட்டால் -2³²-இன் மீதி 1. முடிந்தது. ஆனால் 641 என்று யாரோ காதில் சொன்ன பிறகுதான் இந்த வழி நமக்குத் தோன்றும். கண்டுபிடிக்க இது உதவாது.

அடுத்தது 6700417. இது மேலும் உடையுமா? இதற்கும் அதே 128 விதி பொருந்தும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 128-இன் மடங்கோடு 1 கூட்டினால் வரும் பகா எண்களில், முன்பே தள்ளிவிட்ட 257 போக, மிச்சம் 641, 769, 1153, 1409 நான்குதான். வகுத்துப் பார்த்தால் மீதி முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை. எனவே 6700417 பகா எண். அறுபத்தேழு லட்சத்து நானூற்றுப் பதினேழு என்ற எண் பகா எண் என்று நான்கு வகுத்தலில் தீர்ப்புச் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய வசதி!

இந்த எண்ணில் நான் நெடுநேரம் நின்று பார்க்கும் இடம் இன்னொன்று. 4-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான் முடியும். இதுவும் ஃபெர்மா சொன்னது, ஆய்லர் நிரூபித்தது. நம் எண் 65536² + 1² என்றுதான் பிறந்தது. ஆனால் 62264² + 20449² என்று எழுதினாலும் அதே எண் வருகிறது. இரண்டு விதம் இருப்பதால் இது பகா எண் இல்லை. காரணி எது என்று தேடவே வேண்டாம்.

அந்த இரண்டாவது விதம் எங்கிருந்து வந்தது? காரணிகளுக்குள் போய்ப் பார்க்கலாம். 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் பெருக்குத்தொகையும் அதே வடிவில், இரண்டு விதமாக வரும் என்பது 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரம்மகுப்தரின் பெயரால் வழங்கும் முற்றொருமை. போட்டுப் பார்ப்போம். 25 × 2556 = 63900. 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. அடுத்து 25 × 409 = 10225. 4 × 2556 = 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449. நான்கு எண்களும் வந்துவிட்டன. 2³² + 1-இல் இருக்கிற அந்த "1" எங்கோ வெளியிலிருந்து ஒட்ட வைத்ததல்ல, 10225-க்கும் 10224-க்கும் இடையில் உள்ள வித்தியாசம் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. போதாததற்கு 20449-உம் ஒரு வர்க்கம்தான்: 143².

ஆய்லருக்கு 80 ஆண்டுகள் கழித்து இந்த எண் இன்னொருவர் கைக்குப் போனது, அதுவும் ஒரு சிறுவனின் கைக்கு. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1804-இல் பிறந்த ஸீரா கோல்பர்ன் மனக்கணக்கில் அதிசயம் காட்டியவன். அவன் தந்தை அவனை ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்சிப்படுத்தினார். 1812-இல் லண்டனில் சிலர் 4294967297-ஐக் கொடுத்து, இதற்குக் காரணி உண்டா என்று கேட்டார்கள். மனதாலேயே கணக்கிட்டு 641 × 6700417 என்று சொன்னான். எப்படிச் செய்தாய் என்று கேட்டபோது அந்த வயதில் அவனால் சொல்ல முடியவில்லை. பெரியவனான பிறகு, கடைசி இரண்டு இலக்கங்களை வைத்துத் தேடும் முறையை விளக்கி எழுதினார். ஒரு எண் 97-இல் முடிந்தால், எந்தெந்த இரண்டிலக்க முடிவுகளைப் பெருக்கினால் 97-இல் முடியும் என்ற பட்டியல் தலைக்குள் தயாராக இருக்கும். 41 × 17 = 697 அதில் ஒரு ஜோடி. 641-உம் 6700417-உம் அந்த ஜோடியில்தான் முடிகின்றன. எட்டு வயதுப் பிள்ளை அத்தனை சோதனைகளையும் தலைக்குள்ளேயே ஓட்டினான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கூட்டத்தின் நடுவே அவனை நிறுத்தி வைத்ததை நினைத்தால் வருத்தமாகவும் இருக்கிறது.

எண்ணை விட்டு இரண்டு படி கீழே இறங்குவோம். 4294967295. இதைக் காரணிப்படுத்தினால் 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது வரிசையில் நம் எண்ணுக்கு முன்னால் வந்த ஐந்தும் அப்படியே. எந்த இடத்தில் நிறுத்தினாலும் முன்னால் வந்தவற்றின் பெருக்குத்தொகையோடு 2 கூட்டினால் அடுத்தது வரும். எனவே இவற்றில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது. இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும், இவையோ எல்லாம் ஒற்றைப்படை. 257 வகுக்காது என்று மேலே சொன்னதற்குக் காரணமும் இதுதான். ஒவ்வொன்றும் புதிய பகா எண்களைக் கொண்டுவந்தே தீரும் என்பதால் பகா எண்கள் முடிவில்லாதவை என்பதும் நிரூபணமாகிறது. கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கருத்து இருக்கிறது.

1796-இல், 18 வயது காஸ் 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். அப்புறம் பொது விதியும் வந்தது: பக்கங்களின் எண்ணிக்கை, 2-இன் ஏதோ ஓர் அடுக்கோடு வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களை (ஃபெர்மாவின் வரிசையில் வரும் பகா எண்களை) பெருக்கியதாக இருந்தால் வரையலாம், இல்லாவிட்டால் முடியாது. முடியாது என்ற பாதியை 1837-இல் வான்ட்ஸெல் நிரூபித்தார். இதன்படி 4294967295 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரையலாம். 4294967296 பக்கங்கள் கொண்டதையும் வரையலாம், அது வெறும் 2³². அதற்கு அடுத்தபடியாக நிற்கிற நம் எண்ணுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. 641 வந்து கெடுத்துவிட்டது. இன்றுவரை வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது அந்த 4294967295-தான். (65537 பக்கத்துக்கான செய்முறையை ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் செலவழித்து எழுதி முடித்தார், அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கனில் ஒரு பெட்டியில் போய்ச் சேர்ந்தது.)

கணினியோடு வேலை பார்ப்பவர்களுக்கு 4294967295 நன்கு பழகிய எண். 32 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய முழு எண் அதுதான். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் 4294967296. அதற்கும் அடுத்தது நம் எண். 32 பிட்டுக்குள் இதைத் திணித்தால் மேல் பிட் வழிந்து போய் வெறும் 1 மிஞ்சும். அதாவது 32 பிட் கணக்கில் 641 × 6700417 = 1! இதனால் ஒரு பயன் உண்டு. 32 பிட் எண் ஒன்றை 641-ஆல் வகுக்க வேண்டுமா? வகுக்கவே வேண்டாம். 6700417-ஆல் பெருக்கி, கீழ் 32 பிட்டை வெட்டி எறிந்தால் மேலே மிஞ்சுவது ஈவு. பத்து லட்சத்துக்குச் செய்தால் 1560 வரும்; 641 × 1560 = 999960, சரிதான். எந்த 32 பிட் எண்ணுக்கும் இது பிசகாது, ஏனென்றால் 2³² + 1-க்கும் 2³²-க்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசத்தால் வரும் பிழை எப்போதும் 1/641-க்குள் அடங்கிவிடும். ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைத்த அதே பெருக்கல் இங்கே வகுத்தலை மிச்சப்படுத்தித் தருகிறது.

ஃபெர்மாவின் வரிசையில் இதற்கு மேல் என்ன ஆயிற்று? இதை ஐந்தாவது என்பார்கள், ஏனென்றால் 3-ஐப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவது வழக்கம். ஆறாவதை 1880-இல் லாண்ட்ரி உடைத்தார்: 274177 × 67280421310721. ஏழாவது 1970 வரை காத்திருந்தது. ஐந்திலிருந்து 32 வரை எல்லாமே பகு எண்கள் என்று இப்போது தெரியும். 65537-க்கு அப்புறம் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. இருபதாவது பகு எண் என்று 1987-இலும், இருபத்துநான்காவது பகு எண் என்று 1999-இலும் பெப்பானின் சோதனை காட்டிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் ஒரு காரணிகூட இன்னும் கிடைக்கவில்லை.

முப்பத்துமூன்றாவது பகா எண்ணா பகு எண்ணா என்று யாருக்கும் தெரியாது. அதை எழுதினால் சுமார் 258 கோடி இலக்கங்கள் வரும், பெப்பானின் சோதனைக்கு அதன் அளவு தாங்காது. ஆனால் அதற்கு ஒரு காரணி இருந்தால் அது 2³⁵-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்கும். அப்படி ஓர் எண்ணை யாராவது முன்மொழிந்தால், சரிபார்க்க 33 தடவை வர்க்கம் எடுத்து மீதி பார்த்தால் போதும். அதே 154 வழிதான்.